இரவைப் பகல் நித்திரையாக எடுத்த பிள்ளை: ரொறன்ரோவிலிருந்து கொக்குவில் வந்த இருவரின் முதல் பத்து நாள்

இரவு பன்னிரண்டே முக்கால். சின்னவன் நுளம்பு வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்த அம்மம்மாவின் முழங்காலைத் தட்டி, "அம்மம்மா, விளையாடுவம் வாங்கோ" என்றான். முகத்தில் நித்திரையின் சாயலே இல்லை. கொக்குவில் முழுக்க அடங்கிக் கிடந்தது. அவனுக்கு மட்டும் அது மத்தியான நித்திரை முடிந்து எழும்பும் நேரம்.

கணக்குப் பார்த்தால் அது உண்மையும்கூட. கோடையில் ரொறன்ரோ நேரத்துக்கும் நமது நேரத்துக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அங்கே அவன் மத்தியானம் ஒரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழும்புகிற பிள்ளை. அங்கே ஒரு மணி என்றால் இங்கே இரவு பத்தரை. அன்று சரியாகப் பத்தரைக்குப் படுத்தான், இரண்டு மணித்தியாலம் கழித்து எழும்பினான். யாழ்ப்பாணத்து இரவை அவன் உடம்பு தன் பகல் நித்திரையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் இருபது வருஷமாக முன்பள்ளி ஆசிரியை. ஆடி, ஆவணி வந்தால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். கூடவே தாய்மாரின் முறைப்பாடும் கேட்கும்: "இரவிரவா முழிச்சிருக்குதுகள் ரீச்சர், லீவில பாதி இதிலேயே போகுது." கேட்டுக் கேட்டுப் பழகிய கதைதான். போன வருஷம் என் சொந்தத் தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வந்தபோதுதான் ஒரு கொப்பியை எடுத்து, யார் எத்தனை மணிக்குப் படுத்தார்கள், எழும்பினார்கள், சாப்பிட்டார்கள், வெயிலில் நின்றார்கள் என்று எழுதி வைத்தேன். மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். தகப்பன் வேலை காரணமாக ஒரு கிழமை பிந்தி வருவதாக இருந்தது.

வந்த வழி

வெள்ளி இரவு ரொறன்ரோவில் விமானம் ஏறியவர்கள், வளைகுடாவில் மாறி, ஞாயிறு விடியப்புறம் கட்டுநாயக்கவில் இறங்கினார்கள். பெட்டியெல்லாம் எடுத்து வான் வண்டியில் ஏறும்போது காலை ஆறரை. ரொறன்ரோவில் அப்போது இரவு ஒன்பது. பிள்ளைகள் வான் புறப்பட்ட கையோடு உறங்கிவிட்டார்கள். வழியில் சாப்பிட நிறுத்தியும் எழும்பவில்லை. ஆனையிறவில் உப்பளம் தெரிகிறபோதுதான் மூத்தவள் கண்ணை முழித்தாள். பின்னேரம் நான்கு மணிபோல வாசலில் வந்து இறங்கியவர்கள், ஒரு முழு இரவு உறங்கி எழும்பிய பிள்ளைகளின் உசாரோடு இறங்கினார்கள். "களைப்பே தெரியேல்லை, நல்ல பிள்ளையள்" என்று அம்மா பூரித்துப் போனா. ரொறன்ரோ இரவு முழுவதையும் வானுக்குள் உறங்கித் தீர்த்துவிட்டார்கள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

முதல் மூன்று நாளும் என் பிழையும்

முதல் இரவைச் சொல்லிவிட்டேன். சின்னவன் விடிய ஐந்தே முக்கால் வரை முழித்திருந்தான். மூன்றரைக்குச் சோறு கேட்டு அழுதான். அங்கே அது பின்னேரம் ஆறு மணி, அவனுடைய இரவுச் சாப்பாட்டு நேரம். மூத்தவள் பதினொன்றுக்குப் படுத்து ஒன்றரைக்கு எழும்பி, தாயின் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நானே இரண்டு பேரையும் எழுப்பினேன். பகலில் உறங்க விடக்கூடாது, விடியற்காலை வெயில் படவேண்டும், அப்போதுதான் உடம்பு இந்த ஊர் நேரத்தைப் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் நம்பியிருந்தேன். முகம் கழுவி, ஓட்டோவில் நல்லூருக்குக் கூட்டிப்போய், வீதியில் ஒன்றரை மணித்தியாலம் நடக்க வைத்தேன். சின்னவன் வழி நெடுக அழுதான். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மேசையில் இடியப்பத்தைக் கையில் பிடித்தபடியே தலை சரிந்தது. சொதி வழிந்த கையோடு அவனைத் தட்டித் தட்டி எழுப்பினோம். மூன்று தரம் எழுப்பினோம், மூன்று தரமும் வீரிட்டு அழுதான். கடைசியில் ஒரு மணிக்குத் தோற்றுப்போய் விட்டோம். ஐந்து மணி வரை உறங்கினான். அன்றிரவு அவன் படுத்தது பதினொன்று ஐம்பதுக்கு.

செவ்வாயும் இதேதான். காலை வெயில், மத்தியானப் போராட்டம், பின்னேர உறக்கம். அன்றிரவு படுத்தது ஒன்று பத்துக்கு.

கொப்பியில் இந்த மூன்று நேரத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பத்தரை, பதினொன்று ஐம்பது, ஒன்று பத்து. உறக்க நேரம் முன்னுக்கு வரவேண்டியது, பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் செய்தது பலன் தராமல் இருக்கவில்லை. தலைகீழாகப் பலன் தந்துகொண்டிருந்தது.

வெயில் எந்தப் பக்கம் தள்ளும்

மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு கண் நரம்புகளும் சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறிய நரம்புக் கூட்டம் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். எப்போது நித்திரை வரவேண்டும், எப்போது பசிக்கவேண்டும், உடம்புச் சூடு எப்போது கூடிக் குறையவேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்கில் நடக்கிறது. மனிதரில் பெரும்பாலானோருக்கு அது இருபத்துநான்கு மணித்தியாலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடும். அதனால்தான் பிந்திப் படுப்பது பலருக்கும் சுகம், முந்திப் படுப்பது கஷ்டம். மேற்கே கனடாவுக்குப் போகும்போது உடம்பு சமாளிக்கும், கிழக்கே நம்மூருக்கு வரும்போது திணறும் என்பதற்கும் இதுவே காரணம்.

அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் வெளிச்சத்தை மிஞ்சியது இல்லை. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம் திருப்பும் என்பது அது படுகிற நேரத்தைப் பொறுத்தது. வழக்கமாக எழும்பும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர் உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும்.

சின்னவன் ரொறன்ரோவில் ஏழு மணிக்கு எழும்புகிறவன். அப்படியானால் அவன் உடம்புச் சூடு அடிமட்டத்துக்கு வருவது அங்கே விடிய நான்கு, ஐந்து மணிக்கு. இங்கே அது மத்தியானம் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில். நான் அவனை நல்லூர் வீதியில் நிறுத்திய காலை ஏழரை, அவன் உடம்புக்கு இரவு பத்து மணி. படுக்கப் போகிற பிள்ளையின் முகத்தில் விளக்கைப் பிடித்ததுபோலத்தான் அந்த வெயில் வேலை செய்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் கண் வழியே வெளிச்சம் பெரியவர்களைவிடக் கூடுதலாகப் போகும். நித்திரைக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகிற மெலடோனின் சுரப்பு அவர்களிடம் வெளிச்சத்தால் சுலபமாக அடங்கிவிடும்.

காலை வெயில் நல்லது என்ற பேச்சு லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குச் சரி. அங்கிருந்து கோடையில் நாலரை மணித்தியால வித்தியாசம்தான். ஏழு மணிக்கு எழும்புகிற பிள்ளைக்கு அந்த அடிமட்ட நேரம் இங்கே காலை எட்டரை, ஒன்பதரையோடு முடிந்துவிடும். பத்து மணிக்கு வெளியே விட்டால் பலன் கிடைக்கும். ரொறன்ரோப் பிள்ளைக்கும் லண்டன் பிள்ளைக்கும் ஒரே மருந்தைச் சொல்வதுதான் பிழை. நான் செய்தது அதைத்தான்.

புதன்கிழமையிலிருந்து

வடக்குப் பக்க அறை யன்னல்களுக்கு அம்மாவின் தடித்த கருநீலச் சேலைகள் இரண்டைக் கட்டினோம். யன்னலுக்கு மேலே இருக்கும் காற்றுத் துவாரங்களைக் கடதாசி மட்டையால் மறைத்தோம். காலை ஒன்பது வரை உறங்கட்டும் என்று விட்டோம். எழும்பிய பிறகும் முற்றத்துக்கு விடவில்லை. அரை இருட்டில் பாயை விரித்து, சிரட்டையும் புளியங்கொட்டையும் கொடுத்து விளையாட விட்டேன். புதன் மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒரு உறக்கம், இரண்டு மணிக்கு எழுப்பல். அந்த எழுப்பல் லேசாக இருக்கவில்லை. முதல் இரண்டு நாளும் ஈரத் துவாயால் முகத்தைத் துடைத்து, நடந்து நடந்துதான் எழுப்பினோம்.

அன்று இரண்டரைக்கு வெளியே. ஆடி மாத வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையை அதில் வாட்டவேண்டிய அவசியமும் இல்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது, வெளியே மரநிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கொல்லை மாமரத்தின் கீழே ஒரு மணித்தியாலம். பிறகு கிணற்றடியில் குளிக்க வார்த்தோம். இரண்டு பேருக்கும் அந்த நாளின் உச்சம் அதுதான். வாளி நிறைந்து தண்ணீர் தலையில் விழும்போது சின்னவன் மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு "இன்னொண்டு!" என்று கத்துவான். நாலரைக்குமேல் வேலியோரம், ஒழுங்கை, சில நாள் கோட்டையடி, பண்ணைக் கடற்கரை. சூரியன் கடலேரிக்குள் இறங்கும்வரை வெளியேதான்.

அப்படி ஒரு பின்னேரம் மூத்தவள் கேட்டாள்: "பெரியம்மா, இங்க சூரியன் ஏன் இவ்வளவு வெள்ளன படுக்கப் போகுது?" ரொறன்ரோவில் அந்த நாட்களில் எட்டரை தாண்டித்தான் பொழுதுபடும். இங்கே ஆறரையோடு சரி. அவளுக்கு அது புதினம். எனக்கு அது பெரிய உதவியாகப் பட்டது. பொழுதுபட்ட பிறகு வீட்டை இருட்டாக வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கடதாசியில் இரண்டு மணிக்கூடு கீறி, ஒன்றில் ரொறன்ரோ, மற்றதில் கொக்குவில் என்று எழுதிக் கொடுத்தேன். இரவில் முழிப்பு வந்தால் ரொறன்ரோ மணிக்கூட்டைப் பார்த்து, "அங்க பகல், அதாலதான் முழிப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்திருப்பாள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் காரணம் தெரிந்தால் பயம் போய்விடுகிறது. இரண்டரை வயதுக்கு அப்படி ஒன்றும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கே வெளிச்சமும் சாப்பாடும் மடியும்தான் பாஷை.

இருட்டான வீடு என்று சொல்வது சுலபம். ஆறரைக்குப் பிறகுதானே எங்கள் வீடுகளில் ஆட்கள் வரத் தொடங்குவது. கனடாப் பிள்ளைகளைப் பார்க்க இணுவிலிலிருந்தும் நெல்லியடியிலிருந்தும் வந்தார்கள். ஏழு மணிக்கு வந்து, ரியூப் லைட்டுகள் எல்லாம் போட்டு, தேத்தண்ணீர் குடித்து, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, ஒன்பதரைக்குப் போவார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டரை மணித்தியாலம் பகல் முழுக்கப் பட்ட பாட்டைக் கரைத்துவிடும். நான் அம்மாவிடம் சொன்னேன், எல்லோரையும் பின்னேரம் நான்கு மணிக்கு வரச் சொல்லுங்கோ, இல்லையென்றால் அடுத்த கிழமை வரச் சொல்லுங்கோ என்று.

அம்மா பிடிவாதமாக நின்றா. "வாற சனத்தை வராதையுங்கோ எண்டு சொல்லுறதோ? என்ன வளர்ப்பு எண்டு கேக்க மாட்டினமோ?"

தங்கச்சிதான் வழி கண்டாள். தானே ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து, "மாமி, பிள்ளையள் இரவில நித்திரை இல்லாமல் துடிக்குதுகள். நாலு மணிக்கு வந்தீங்கள் எண்டால் உங்களோட நல்லா விளையாடுவினம்" என்றாள். ஒருவரும் கோபிக்கவில்லை. நெல்லியடி மாமி நுங்குக் குலையோடு மூன்றரைக்கே வந்து, முற்றத்தில் இருந்து சீவிக் கொடுத்துவிட்டுப் பொழுதுபட முன்னர் போனா. இந்த வேலையில் ஆகக் கஷ்டமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். உடம்பின் கடிகாரத்தைத் திருப்பலாம். ஒரு வீட்டின் வரவேற்புப் பழக்கத்தைத் திருப்பப் பெரியவர்களின் மனம் வேண்டும்.

மூன்று மணி அழைப்பு

இன்னொன்றைக் கொப்பிதான் காட்டிக் கொடுத்தது. முதல் மூன்று இரவும் மூன்று மணியளவில் வீடியோ அழைப்பு வந்திருந்தது. தகப்பன் வேலை முடிந்து வீடு சேரும் நேரம் அங்கே பின்னேரம் ஐந்தரை. பிள்ளைகள் முழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எந்தத் தகப்பன் எடுக்காமல் இருப்பான்? பிள்ளைகளுக்கோ நடுச்சாமம் என்பது அப்பா வருகிற நேரமாகிப் போனது. புதன்கிழமையிலிருந்து அழைப்பை இங்கே பின்னேரம் நாலரைக்கு மாற்றினோம். அங்கே காலை ஏழு, அவர் வேலைக்குப் போக முன்னர். மாமரத்தின் கீழே இருந்து அப்பாவோடு கதைத்தார்கள். மூன்று மணி முழிப்பு உடனே நிற்கவில்லை. ஆனால் முழித்த பிள்ளை தொலைபேசியைத் தேடுவது இரண்டு நாளில் நின்றது.

நடு இரவில் பசி வந்தால் பட்டினி போடவில்லை. வயிறும் தன் பழைய நேரத்தில்தான் இருக்கும். ஒரு இதரை வாழைப்பழம், அரைக் கோப்பை இளஞ்சூட்டுப் பால். மேசையில் இருத்தவில்லை, விளக்குப் போடவில்லை. குசினியின் சின்னப் பல்பு வெளிச்சத்தில், வலைக்குள் இருந்தபடியே. பெரிய சாப்பாடெல்லாம் பகலில், இந்த ஊர் நேரத்துக்கு.

மூன்றாம் நாள் அம்மா, "நாவூறு பட்டிருக்கு, வந்த அண்டு எத்தனை கண்" என்றா. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டா. பொழுதுபட முன்னர் செய்யுங்கோ என்று மட்டும் கேட்டேன். தன் பேரனுக்குத் தன்னாலும் ஒன்று செய்ய முடிந்ததே என்ற நிறைவு அவவின் முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகு இருட்டு வைப்பதில் எனக்குத் துணையாக நின்றதும் அவதான்.

மருந்து பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவர், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பாணி மருந்தில் ஒரு கரண்டி கொடுத்தால் அயர்ந்து படுப்பான் என்றார். உறங்க வைப்பதற்காக அந்தப் பாணியைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகளை அது உறங்க வைப்பதற்குப் பதிலாகத் துடிக்க வைக்கும், அளவு கூடினால் ஆபத்து. தங்கச்சியின் பையிலும் இனிப்பு வடிவில் மெலடோனின் இருந்தது. கனடாவில் அதை மருத்துவச் சீட்டில்லாமல் வாங்கலாம். ஆனால் அங்கேயே 2017இல் வெளியான ஓர் ஆய்வில், போத்தலில் எழுதிய அளவைவிட 83 வீதம் குறைவாகவும் 478 வீதம் கூடவும் மெலடோனின் இருந்த தயாரிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிள்ளை வைத்தியர் ஒருவர் அளவும் நேரமும் சொல்லாமல் அதைத் தொடவேண்டாம் என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம்.

எல்லாவற்றையும் நேர மாற்றத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. வெள்ளிக்கிழமை சின்னவனுக்கு வயிற்றோட்டம். ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம், மறுநாள் சரி. காய்ச்சல் வந்திருந்தால் ஒரு நிமிஷமும் தாமதித்திருக்க மாட்டோம். நேர மாற்றம் காய்ச்சல் தராது. காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்து கிடந்தால், இது டெங்கு உள்ள ஊர். அப்போது நித்திரைக் கணக்கை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் ஓடவேண்டும்.

கொப்பியில் உள்ளபடி

சின்னவன் புதன் இரவு படுத்தது பதினொன்று நாற்பதுக்கு. வியாழன் பத்து ஐம்பது, நடுவில் ஒரு முறை முக்கால் மணித்தியால முழிப்பு. வெள்ளி வயிற்றுக் குழப்பத்தால் கணக்கில் இல்லை. சனி ஒன்பதரை. ஞாயிறு ஒன்பது ஐந்து. அடுத்த செவ்வாய் எட்டேகாலுக்குப் படுத்து, விடிய ஆறுக்குக் கோழி கூவித் தானாக எழும்பினான். மூத்தவள் அவனுக்கு ஒரு நாள் முந்தி.

கடிகாரம் முன்னுக்கு வர வர, வெளியே விடும் நேரத்தையும் தினம் ஒரு மணித்தியாலம்போல முந்தினோம். வியாழன் ஒன்றரை, வெள்ளி பன்னிரண்டரை, சனி பதினொன்றரை என்று வந்து, செவ்வாய்க்குப் பிறகு காலை வெயிலுக்கும் தடையில்லை. முதல் திங்களில் கெடுதி செய்த அதே நல்லூர் வீதி வெயில், அடுத்த புதனில் பிள்ளைக்கு நல்லதாகிவிட்டது. அன்று தகப்பனும் வந்திருந்தார். பிள்ளைகள் கச்சான் சுருளோடு வீதி சுற்றினார்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு கொப்பி. இதை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கிழக்கே வருகிறவர்களின் உடம்பு நாளுக்கு ஒரு மணித்தியாலம்போல நகரும் என்பது பொதுவான கணக்கு. நாங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் நாள் செல்லச் செல்ல அவர்கள் தேறித்தான் இருப்பார்கள். ஆனால் முதல் மூன்று நாள் பின்னுக்குப் போன அந்தக் கணக்கு, புதனுக்குப் பிறகு திரும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் தலைமுறைக்கு நேரம் மாறுவது புதிதல்ல. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. அத்தனை காலமும் வன்னியில் புலிகளின் பகுதியில் பழைய நேரம். மணி கேட்டால் "புது நேரமோ, பழைய நேரமோ" என்று திருப்பிக் கேட்டவர்கள் நாங்கள். அந்த அரை மணித்தியாலமே எவ்வளவு குழப்பியது என்று அம்மாவுக்கு நினைவுபடுத்தினேன். ஒன்பதரை மணித்தியாலத்தைச் சுமந்துகொண்டு வந்த பிள்ளையை "அடம்பிடிக்கிறான்" என்று அதற்குப் பிறகு அவ சொல்லவில்லை.

இந்த மார்கழியில் மீண்டும் வருகிறார்கள். அப்போது வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். கணக்கின்படி முதல் நாள் பிள்ளைக்கு நல்ல வெளிச்சம் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகுதான் தொடங்கும். இங்கே ஆறு மணிக்கு முன்னமே பொழுதுபட்டுவிடும், மழை இருட்டு வேறு. கிடைப்பது இரண்டரை மணித்தியாலம்கூட இல்லை. அதனால் இந்தமுறை புறப்பட முதல் நான்கு நாளும் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் முந்திப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். மார்கழியில் அங்கே ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடுவதால் அது கோடையைவிடச் சுலபம். பகல் வானும் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். கொழும்பில் உறவினர் வீட்டில் பகலைக் கழித்து, மத்தியானம் இரண்டு மணித்தியாலம் மட்டும் உறங்க விட்டு, இரவுப் பயணமாக வரப்போகிறார்கள். சேலைகள் இரண்டும் மடித்து அலுமாரியில் இருக்கின்றன. நெல்லியடி மாமிக்கும் நான்கு மணி என்று சொல்லியாயிற்று.